கார்பன் சைக்கிள் பிரேமில் சுற்றும் பாட்டில் கேஜ் நட்டைச் சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

தண்ணீர் பாட்டிலைத் தாங்கும் கூடு, அதாவது பாட்டில் கேஜ் ஆடுகிறது. போல்ட்டை முறுக்கினால் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கழற்றப் பார்த்தால் அதுவும் வரவில்லை. தஞ்சாவூரிலிருந்து கல்லணைக்கு விடியற்காலையில் ஓட்டுகிற நண்பர்கள் பலர் இந்தக் குறையோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்கிறார்கள். அதில் பாதிப்பேர், வருவதற்கு முன்பே குறட்டால் பிடித்துத் திருகி துளையைப் பெரிதாக்கிவிட்டு வருகிறார்கள். அந்தப் பாதிப்பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கார்பன் இழையை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த குழாயில் நேரடியாக மரை போட முடியாது. அதனால் துளைக்குள் ரிவ்நட் என்கிற சின்ன அலுமினியக் குழலைச் செருகியிருப்பார்கள். வெளியே ஒரு மெல்லிய விளிம்பு, உள்ளே எம்5 மரை, அதாவது 5 மி.மீ போல்ட்டுக்கான மரை. குழலின் உள்முனையை இழுத்து நசுக்கும்போது அது புடைத்து, பிரேமின் சுவரைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கவ்வல் தளர்ந்துவிட்டால் போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுற்றும்.

## 1. எது ஆடுகிறது என்று முதலில் பாருங்கள்

கேஜை விரலால் அசைத்துப் பாருங்கள். போல்ட் மட்டும் தளர்ந்திருந்தால் ஆலன் கீயால் (எல் வடிவ அறுகோணச் சாவி) இறுக்கியதும் நின்றுவிடும். வேலை முடிந்தது. போல்ட்டுக்குக் கீழே உள்ள விளிம்பும் சேர்ந்து சுற்றினால்தான் இந்த வேலை.

பெடல் சுழலும் அச்சு உட்காரும் அலுமினிய உறை, பின்சக்கரம் மாட்டும் காது, ஹேண்டில் தண்டு இறங்கும் கழுத்துப்பகுதி, இந்த மூன்றில் எதுவாவது கார்பனிலிருந்து விட்டு ஆடினால் வீட்டில் கைவைக்காதீர்கள். அவை உங்கள் உடல் எடையைத் தாங்குகிற இடங்கள். கார்பன் வேலை தெரிந்தவரிடம் அனுப்புங்கள். பாட்டில் கேஜ் நட் தாங்குவது தண்ணீரின் எடையை மட்டும்தான். பழுது மறுபடி விட்டுப்போனாலும் கேஜ்தான் ஆடும், நீங்கள் கீழே விழமாட்டீர்கள். அந்த ஒரு காரணத்தால்தான் இதை வீட்டில் செய்யலாம் என்கிறேன்.

## 2. கார்பன் நலமாக இருக்கிறதா?

புதிதாகச் செய்பவர்கள் தவறாமல் தாண்டிப்போகும் படி இது. நட்டைப் பார்க்கிறார்கள், அதைச் சுற்றியுள்ள குழாயைப் பார்ப்பதில்லை.

அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். விளிம்பிலிருந்து முடிபோல ஒரு கோடு கிளம்புகிறதா? பெயின்ட் வெடிப்பா, கார்பன் வெடிப்பா என்று கண்ணால் பிரிப்பது கடினம். நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் தட்டி நின்றால் கார்பன் வரை போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு ரூபாய் நாணயத்தின் ஓரத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். முதலில் நட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வாருங்கள். நல்ல கார்பன் 'டக் டக்' என்று கூர்மையாகச் சத்தம் தரும். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகி, அட்டையைத் தட்டுவதுபோல ஆகிவிடும். குழாயின் தடிமன் மாறும் இடங்களிலும் சத்தம் கொஞ்சம் மாறும். அதனால் கேஜின் மற்ற போல்ட் இறங்கும் இரண்டாவது நட்டைச் சுற்றியும் தட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வெடிப்போ மந்தச் சத்தமோ இருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். வெடித்த சுவரில் ரிவ்நட்டை இழுத்து நசுக்கினால் வெடிப்பு நீளும்.

## 3. ஏன் விட்டுப்போனது?

காரணம் தெரியாமல் ஒட்டினால் அடுத்த வருடம் அதே இடம் மறுபடி ஆடும். அதனால் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் காரணம் அதிர்வு. வாய்க்கால் கரை மண்சாலையில் ஒரு லிட்டர் பாட்டிலோடு ஓட்டும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் கேஜ் நட்டைப் பிடித்து இழுக்கிறது.

இரண்டாவது காரணம் உப்பு. நம் பக்கத்துப் புழுக்கத்தில் வியர்வை பிரேமில் சொட்டிக்கொண்டே இருக்கும். பாட்டிலில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு வைத்திருந்தால் அதுவும் வழிந்து போல்ட்டில் நிற்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்குக் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அலுமினியமும் கார்பனும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத்தண்ணீர் நின்றால் அது ஒரு சின்ன பேட்டரியாகிவிடும். அதில் அரிபடுவது அலுமினியம்தான். விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் நடந்தது இதுதான்.

ஆகவே நாம் இரண்டு வேலை செய்யப்போகிறோம். நட்டை மறுபடி பிடிக்கவைக்க வேண்டும். அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் நடுவே ஒரு தடுப்பும் போடவேண்டும். பெரும்பாலோர் முதல் வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

## 4. தொடங்குவதற்கு முன் கையில் இருக்கவேண்டியவை

நாம் ஒட்டப்போவது எபாக்ஸியால், அதாவது பசை, இறுக்கி என்ற இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் பசையால். அதைக் கலந்தபிறகு தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எம்5 அலுமினிய ரிவ்நட் மூன்று: ஒன்று பழகுவதற்கு, ஒன்று பிரேமுக்கு, ஒன்று கைவசம். வாங்கும்போது அது கவ்வும் சுவர்த்தடிமனைப் பாருங்கள், உங்கள் பிரேமின் சுவர் அதற்குள் வரவேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவ்நட் துருப்பிடிக்காது என்று சிலர் வாங்கிவருகிறார்கள். அதை நசுக்க அதிக விசை வேண்டும், அந்த விசை கார்பனுக்கு ஆகாது.

முப்பது மில்லிமீட்டர் நீள எம்5 ஆலன் போல்ட் ஒன்று, அதற்குரிய நட் ஒன்று, வாஷர் இரண்டு. 4 மி.மீ ஆலன் கீ, 8 மி.மீ ஸ்பேனர். சின்னத் தட்டை அரம், சின்ன உருட்டு அரம், 120 நம்பர் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, மெழுகுவத்தி.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். மொபைல் பழுதுபார்க்கும் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருப்பார்கள், கேட்டால் கிடைக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம். துடைத்தபின் ஒரு எண்ணெய்ப்படலம் நின்றுவிடும், எபாக்ஸி பிடிக்காது. தின்னர் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

பசைக்கு, மெதுவாக இறுகும் சாதாரண அரல்டைட் போதும். ஐந்து நிமிட வகை வேண்டாம். அவசரப்படுத்தும், வெப்பத்தையும் ஈரத்தையும் அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். உடனடி ஒட்டுப்பசை நொறுங்கும் தன்மையுள்ளது, அதிர்வில் விட்டுவிடும். எம்-சீல் இடத்தை அடைக்கும், ஆனால் இப்படி மெல்லிய பரப்பில் ஒட்டும் வேலைக்கு அது சரியில்லை.

கண்ணாடி இழைத்துணி உள்ளங்கை அளவு. நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர்களிடம் இது கிடைக்கும். அங்கே இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். நெய்த துணியாகக் கேளுங்கள். நறுக்கிய இழைகளை ஒட்டிச் செய்த பாய்போன்ற வகையில் உள்ள பிணைப்பான் பாலியஸ்டர் ரெசினில் கரைவதுபோல எபாக்ஸியில் கரையாது, துணி சரியாக ஊறாது. இரண்டாவது, 'இதையும் எடுத்துட்டுப் போங்க தம்பி' என்று அன்பாகப் படகு ரெசினையும் ஊற்றிக் கொடுப்பார்கள். அது பாலியஸ்டர். படகுக்கு நல்லது, ஆனால் இறுகிய எபாக்ஸியால் ஆன கார்பன் பிரேமில் அது உறுதியாக ஒட்டாது.

## 5. நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். பிரேமுக்குள் ஈரம் நிற்கும். இறுகும் எபாக்ஸியின் மேலும் ஈரக்காற்றால் பிசுபிசுப்பான படலம் படியும். சித்திரை மதிய வெயிலும் வேண்டாம். சூட்டில் எபாக்ஸி சீக்கிரம் கெட்டியாகி, ரிவ்நட்டைச் செருகுவதற்குள் இறுகத் தொடங்கிவிடும். வறண்ட நாளாகப் பார்த்து, காலையில் நிழலில் செய்யுங்கள். அடுத்த இரண்டு நாளைக்கு சைக்கிள் தேவைப்படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

## 6. போல்ட்டைக் கழற்றுவது

பிரேமுக்கு அதிக சேதம் நடப்பது இந்தப் படியில்தான். கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

போல்ட் சுற்றினால் நட்டும் சுற்றுகிறது. ஆகவே விளிம்பைப் பிடித்து நிறுத்தவேண்டும். முதலில் விளிம்பைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்கு ஒட்டுங்கள். குளிர்பான டின்னைக் கத்தரித்து, நடுவில் விளிம்பு அளவுக்குத் துளையிட்டு டேப்பின் மேல் வையுங்கள். கருவி வழுக்கினாலும் தகரத்தில்தான் படும்.

மூக்கு பிளேயரால் விளிம்பின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆலன் கீயைத் திருப்புங்கள். வரவில்லையா? தட்டை அரத்தால் விளிம்பின் எதிரெதிர்ப் பக்கங்களைக் கொஞ்சம் தேய்த்துத் தட்டையாக்குங்கள். பிளேயருக்கு நல்ல பிடி கிடைக்கும். கேஜைக் கழற்றாமல் உள்ளே பிளேயர் நுழையாது என்றால், இன்னொரு போல்ட்டைக் கழற்றிவிட்டு கேஜையே ஒதுக்கித் திருப்பி வழி உண்டாக்குங்கள். கேஜ் விலை குறைவு. தேவைப்பட்டால் ஆக்ஸா பிளேடால் கேஜை அறுத்து எடுத்துவிடுங்கள், பிரேமைக் காப்பாற்றுங்கள்.

அதற்கும் வராவிட்டால் போல்ட்டின் தலையை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுவதுதான் வழி. ட்ரில்லிங் மெஷின் வைத்தால் சீக்கிரம் முடியுமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். தளர்ந்த நட் பிட்டோடு சேர்ந்து வேகமாகச் சுற்றும். அப்படிச் சுற்றும்போது துளையின் ஓரத்தை அரித்து முட்டைவடிவமாக்கிவிடும், சூடும் ஏறும். இரண்டு பிரேம்களில் அதைப் பார்த்தபின் நான் இந்த வேலைக்கு மெஷினைத் தொடுவதில்லை. அரத்தால் அரைமணி நேரம் ஆகும், ஆகட்டும்.

## 7. பழையதை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

போல்ட் சுலபமாக வந்துவிட்டது, மரை நன்றாக இருக்கிறது, வெள்ளைப்பொடி இல்லை என்றால் பழைய நட்டையே மறுபடி பிடிக்கவைக்கலாம். விளிம்புக்குக் கீழே ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நட்டைச் சுற்றிச்சுற்றிக் கழுவி, ஒரு மணி நேரம் காயவிட்டு, ஒன்பதாவது படியில் இழுக்கும் முறையை மட்டும் படித்துக்கொண்டு, பத்தாவது படிக்குப் போங்கள்.

பொடி பூத்திருந்தால் மாற்றிவிடுங்கள். அந்தப் பொடியின் மேல் விடும் எபாக்ஸி பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், கார்பனைப் பிடிக்காது.

மாற்றுவதற்கு, விளிம்பு முழுவதையும் அரத்தால் தேய்த்தெடுங்கள். விளிம்பு போனதும் மிச்சக் குழல் பிரேமுக்குள் விழுந்துவிடும். பயப்படவேண்டாம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்போர்க்கைக் கழற்றி, பிரேமைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினால் பெரும்பாலும் கழுத்துக்குழாய் வழியாக வந்துவிடும். வராவிட்டால் பெடல் அச்சுப் பக்கம் முயலுங்கள். காந்தம் வைத்துத் தேடாதீர்கள், அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது.

இந்த வேலை முழுக்க முகக்கவசம் இருக்கட்டும். அரம் கார்பனைத் தொட்டால் கிளம்பும் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தோலிலும் அரிக்கும். வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்திலும் மாட்டுக்குத் தீவனம் வைக்கும் இடத்திலும் செய்யவேண்டாம்.

## 8. துளையைத் தயார்செய்து தடுப்புப் பூச்சு போடுவது

உருட்டு அரத்தைத் துளைக்குள் விட்டு, பழைய பசையையும் பொடியையும் மட்டும் எடுங்கள். துளையைப் பெரிதாக்குவது நோக்கமல்ல. எம்5 ரிவ்நட்டுக்குத் துளை ஏறக்குறைய 7 மி.மீ இருக்கும். நீங்கள் வாங்கிய ரிவ்நட் கையால் அழுத்தினால் நுழையவேண்டும், தானாக விழக்கூடாது.

துளையைச் சுற்றி இருபது மில்லிமீட்டர் அகலத்துக்கு மேற்பூச்சை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்குங்கள். பளபளப்பு இருக்கும்வரை பசை பிடிக்காது. கறுப்பு இழை தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், இழையை அறுக்கக் கூடாது. அப்புறம் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத்துணியால் துடையுங்கள். துணியில் அழுக்கு வராதவரை துணியை மாற்றி மாற்றித் துடைக்கவேண்டும். துடைத்தபின் அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். கைவியர்வையில் உள்ள எண்ணெய் போதும், ஒட்டு கெட்டுப்போகும்.

இப்போது கொஞ்சம் எபாக்ஸி கலந்து, பல்குத்தும் குச்சியால் துளையின் உட்சுவர் முழுக்க மெல்லிய படலமாகத் தடவி ஒரு இரவு விடுங்கள். இதுதான் தடுப்பு. ரிவ்நட்டின் உடம்பு இனி கார்பனை நேரடியாகத் தொடாது. காலையில் துளை இறுக்கமாகிவிட்டால் அரத்தால் ஒரு சுற்று மட்டும் தேய்த்து அளவு பாருங்கள். அரம் தடவிய இடத்தில் கறுப்பு தெரிந்தால் படலம் போய்விட்டது, மறுபடி பூசுங்கள்.

துளை ஏற்கெனவே முட்டைவடிவமாகி ரிவ்நட் லொடலொட என்று ஆடினால் என் கருத்து: விட்டுவிடுங்கள். துளையை எபாக்ஸியால் மூடி, பட்டையால் கட்டும் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய ரிவ்நட்டுக்காகக் கார்பனை மேலும் குடைவது எனக்குச் சரியாகப் படவில்லை.

## 9. பசை இல்லாமல் ஒரு ஒத்திகை

பிரேமின் சுவர்த்தடிமன் உள்ள பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் 7 மி.மீ துளையிடுங்கள். முப்பது மில்லிமீட்டர் போல்ட்டில் முதலில் நட்டை ஏற்றி, பிறகு வாஷர் இரண்டையும் போட்டு, நடுவில் ஒரு துளி வாஸ்லின் வைத்து, போல்ட்டை ரிவ்நட்டுக்குள் முழுமரையும் பிடிக்கத் திருகுங்கள். ரிவ்நட்டைத் துளையில் வையுங்கள்.

ஆலன் கீயால் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரால் நட்டை மட்டும் வலஞ்சுழியாகத் திருப்புங்கள். நட் கீழே இறங்கி வாஷரை அழுத்தும். போல்ட் மேலே வரப் பார்க்கும். அந்த இழுப்பில் ரிவ்நட்டின் உள்பகுதி புடைக்கும். போல்ட்டைப் பிடிக்காமல் விட்டால் ரிவ்நட்டும் சேர்ந்து சுற்றும். புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள், நிதானமாகச் செய்து பார்த்தால் கை பழகிவிடும்.

நட் வாஷரைத் தொட்டதிலிருந்து எத்தனை சுற்றில் கை கனக்கிறது என்று எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எம்5 மரையில் ஒரு சுற்றுக்கு 0.8 மி.மீ. உங்கள் ரிவ்நட்டுக்கு அந்த எண்ணிக்கைதான் பிரேமில் வழிகாட்டி.

## 10. ஒட்டுவது

கண்ணாடி இழைத்துணியில் இருபது மில்லிமீட்டர் வட்டம் வெட்டி, நடுவில் ரிவ்நட் நுழையத் துளையிடுங்கள். இது விளிம்புக்கும் கார்பனுக்கும் நடுவில் உட்காரும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் விளிம்பின் கீழும் தடுப்பு வந்துவிடும். விளிம்பின் அழுத்தத்தையும் கொஞ்சம் அகலமாகப் பரப்பும். பழைய நட்டையே வைத்துக்கொண்டவர்களுக்கு இந்த வட்டம் கிடையாது. அவர்கள் கலந்த எபாக்ஸியை விளிம்பின் கீழ் குச்சியால் தள்ளிவிட்டு, நட்டைச் சுற்றி உள்ளே இறங்கவைத்து, கால் சுற்று மட்டும் இழுத்தால் போதும்.

பிரேமை, துளை மேலே பார்க்கும்படி சாய்த்துக் கட்டுங்கள். பசை வழியாது. போல்ட்டின் மரையில் மெழுகுவத்தியை அழுந்தத் தேயுங்கள், இல்லாவிட்டால் போல்ட்டும் ஒட்டிப்போகும். மெழுகு பிடித்த கையால் ரிவ்நட்டைத் தொடாதீர்கள்.

கழுவிக் காயவைத்த பால் பாக்கெட் உறையின் மேல் பசையையும் இறுக்கியையும் சம நீளக் கோடுகளாகப் பிதுக்கி, கோடுகள் தெரியாமல் ஒரே நிறமாகும்வரை நன்றாகக் கலக்குங்கள். இறுக்கியைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது தவறு. மிஞ்சிய இறுக்கி உள்ளேயே தங்கி ஒட்டை மென்மையாக்கிவிடும்.

துணிவட்டத்தை எபாக்ஸியில் ஊறவைத்துத் துளைமேல் ஒட்டுங்கள். ரிவ்நட்டின் உடம்பிலும் விளிம்பின் அடியிலும் பூசிச் செருகுங்கள். மரையின் வாய்ப்பக்கம் பூசவேண்டாம். ஒத்திகையில் செய்ததுபோலவே இழுங்கள், ஆனால் எழுதிவைத்த எண்ணிக்கைக்குக் கால் சுற்று முன்பே நிறுத்துங்கள். பிரேமில் பிடிப்பைத் தரப்போவது எபாக்ஸி, நசுக்கல் அல்ல. 'இன்னும் கொஞ்சம்' என்று முறுக்கியபோது கார்பன் கிறீச்சிட்ட சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பிரேமில் அதன்பின் கேஜ் மாட்டவில்லை.

பிதுங்கிய பசையை ஆல்கஹால் துணியால் துடைத்துவிட்டு, இழுக்கும் போல்ட்டை எடுத்து, மெழுகு தேய்த்த சாதாரணக் கேஜ் போல்ட்டைப் பாதி திருகிவையுங்கள். பால் உறையில் ஒரு துண்டை நடுவில் வைத்து, கேஜை இரண்டு துளையிலும் லேசாக மாட்டுங்கள். இரண்டு துளைகளுக்கும் இடைவெளி 64 மி.மீ. ரிவ்நட் கோணலாக உட்கார்ந்திருந்தால் பசை ஈரமாக இருக்கும்போதே கேஜ் நேராக்கிவிடும்.

மிஞ்சிய எபாக்ஸியை உறையிலேயே விட்டு, சைக்கிள் பக்கத்தில் வையுங்கள். பிரேமில் இருப்பதைத் தொட்டுப் பார்க்காமல் இதைத் தொட்டுப் பார்க்கலாம்.

## 11. காத்திருப்பது

முழுதாக 24 மணி நேரம். மழைக்காலத்தில் செய்தே ஆகவேண்டியிருந்தால் 48. சீக்கிரம் இறுகட்டும் என்று மதிய வெயிலில் நிறுத்தாதீர்கள். கறுப்பு பிரேம் கைவைக்க முடியாதபடி சுடும், பாதி இறுகிய எபாக்ஸி அந்தச் சூட்டில் இளகி நட் நகர்ந்துவிடும்.

மறுநாள் உறையில் உள்ள மிச்சத்தை நகத்தால் அழுத்துங்கள். தடம் விழுந்தால் கலவையில் பிழை. அதை எடுத்துவிட்டு மறுபடி செய்வதைத் தவிர வழியில்லை.

## 12. மாட்டி ஓட்டிப் பார்ப்பது

போல்ட்டின் மெழுகைத் துடைத்து, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கேஜ் போல்ட்டுக்கு 2 முதல் 3 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். முறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஆலன் கீயின் நீளமான கையைத் துளையில் விட்டு, குட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து இறுக்குங்கள். புதிய விளிம்பு கொஞ்சம் உயரமாக இருந்து கேஜ் சாய்ந்தால் மற்ற போல்ட்டின் கீழ் ஒரு மெல்லிய வாஷர் போடுங்கள். சாய்ந்த கேஜை இறுக்கி நேராக்கினால் புதிய ஒட்டைத்தான் பிடித்து இழுக்கும்.

நிறைந்த பாட்டிலை வைத்துக் கையால் எல்லாப் பக்கமும் ஆட்டுங்கள். முதல் ஓட்டம் தார்ச்சாலையில். திரும்பிவந்து விளிம்புக்கும் பிரேமுக்கும் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த வாரம் வாய்க்கால் கரைக்குப் போங்கள். கோடு உடைந்திருந்தால் நட் நகர்கிறது, உடனே பாட்டிலை எடுத்துவிடுங்கள்.

ஓட்டி முடித்ததும் கேஜைச் சுற்றி ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள், கடற்கரைப் பக்கம் போய்வந்தால் கட்டாயம். வருடத்துக்கு இரண்டு முறை இரண்டு போல்ட்டையும் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாகத் தடவி மாட்டுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை என்று நான் வைத்திருக்கிறேன்.